அக்கம்பக்கத்துச் சொற்களைக் கேளுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றுகின்றன. கதையோ பாடமோ படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை, தெரியாத சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கும்போது என்ன செய்வது? பெற்றோர், ஆசிரியர், மாணவி என மூன்று தரப்பும் கேட்டிருக்கிறார்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயது. படிக்கும்போது வரிக்கு ஒருமுறை "இதுக்கு என்ன அர்த்தம்?" என்கிறாள். உடனே சொல்லிவிடலாமா, "நீயே கண்டுபிடி" என்று விடலாமா?

முதலில் அந்தப் புத்தகத்தைச் சோதித்துப் பாருங்கள். ஏதாவது ஒரு பக்கத்தில் 100 சொற்களை எண்ணிக்கொண்டு, மகளை அதுவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு அவளுக்குக் கனம். அதை நீங்கள் படித்துக் காட்டுங்கள். அவள் தனியே படிக்க வேறொன்று கொடுங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. தெரியாத சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டியவை பக்கத்துச் சொற்கள். அவற்றிலும் இரண்டு மூன்று தெரியாது என்றால் யார் யாருக்குச் சாட்சி சொல்வது? ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போரை வைத்து ஹூ, நேஷன் ஆகிய இருவர் 2000இல் செய்த ஆய்வில், துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள ஏறக்குறைய 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று தெரியவந்தது. அதாவது 50 சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். தமிழில் வேற்றுமை உருபும் காலமும் ஒரே சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டு வருவதால் இந்தக் கணக்கை அப்படியே பெயர்க்க முடியாது. ஆனாலும் நல்ல அளவுகோல்.

புத்தகம் சரியாக இருந்து, அவள் ஒரு சொல்லில் நின்றால் இப்படிச் செய்யுங்கள். அந்த வாக்கியத்தை முடிக்கச் சொல்லுங்கள். அடுத்த வாக்கியத்தையும் படிக்கட்டும். பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு, சொல்லிலேயே நின்று அதை வெறித்துப் பார்ப்பதுதான். துப்பு பெரும்பாலும் சொல்லுக்குப் பிறகுதான் வரும். பிறகு "என்னவாக இருக்கும் என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். அவள் ஒன்று சொன்னதும், சரி தவறு சொல்லாமல், "எந்தச் சொல்லை வைத்து அப்படிச் சொன்னாய்?" என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விதான் உயிர். இது இல்லாவிட்டால் பிள்ளை பழகுவது ஊகத்தை அல்ல, குருட்டாம்போக்கை.

எடுத்துக்காட்டாக: "மழை விட்ட பிறகும் அவன் கூரைக்கடியிலேயே ஒடுங்கி நின்றான். உடம்பு இன்னும் வெடவெடத்தது." ஒடுங்கி என்பதற்கு ஒரு பிள்ளை "பயந்து" எனலாம், இன்னொன்று "உடம்பைச் சுருக்கி" எனலாம். இரண்டாவதற்கு மழை, கூரை, வெடவெடப்பு என மூன்று சாட்சிகள். பயத்துக்கு வெடவெடப்பு மட்டும் அரைச்சாட்சி. எது பயமுறுத்தியது என்று கேட்டால் வாக்கியத்தில் விடை இல்லை. கடைசியாக, கண்டுபிடித்த பொருளை அந்த இடத்திலேயே வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்: "கூரைக்கடியிலேயே உடம்பைச் சுருக்கி நின்றான்." ஓசை இடறாமல் பொருந்தினால் மேலே போகலாம்.

ஓர் அமர்வுக்கு இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் இதைச் செய்யாதீர்கள். மற்றவற்றுக்கு ஒரே வரியில் பொருள் சொல்லி அனுப்பிவிடுங்கள். கதை அறுந்துபோனால் படிக்கும் ஆசையும் அறுந்துபோகும்.

தமிழாசிரியை நான். சூழலை வைத்துப் பொருள் காணும் பயிற்சி ஆங்கிலப் பாடநூல்களிலிருந்து நாம் எடுத்துக்கொண்டதா? தமிழுக்கென்று முறை ஏதும் உண்டா?

உண்டு, அதுவும் மிகப் பழையது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் என்ற முதல் இயல் பலபொருள் ஒருசொல்லைப் பற்றிப் பேசும் இடத்தைப் பாருங்கள். ஒரே சொல் பல பொருள் தரும்போது எந்தப் பொருள் என்று "வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்" தெளியலாம் என்கிறது. வினை, இனம், சார்பு. வகுப்பறைக்கு இதைவிடச் சுருக்கமான கருவி கிடைப்பது அரிது.

உரையாசிரியர்கள் 'மா' என்ற சொல்லை வைத்து விளக்குவார்கள். மா பூத்தது என்றால் மரம் என்பதை வினை காட்டிவிடுகிறது. மாவும் மருதும் ஓங்கின என்றால் பக்கத்தில் நிற்கும் மருதமரம், அதாவது இனம், காட்டுகிறது. கவசம் பூண்டு நிற்கும் ஒருவன் மா கொண்டுவா என்றால் அவன் கேட்பது குதிரை. அங்கே சொன்னவனின் நிலை, அதாவது சார்பு, காட்டுகிறது.

இதையே இன்றைய சொற்களில் நடத்துங்கள். 'நூல் அறுந்தது', 'நூல் வெளிவந்தது': வினை மாறியதும் இழை புத்தகமாகிவிட்டது. 'நூல், ஊசி, பொத்தான்': இனம். 'அடி' என்ற சொல் செய்யுளைப் பற்றிப் பேசும்போது வரி, அளக்கும்போது நீளம், பாத்திரத்தைக் கழுவும்போது கீழ்ப்பாகம்: சார்பு. சில இடங்களில் இரண்டு துப்பு சேர்ந்தால்தான் வேலை நடக்கும். 'உயிரும் மெய்யும்' என்பதில் இனம் இருக்கிறது, ஆனால் அது போதாது. இலக்கண வகுப்பில் அவை எழுத்துகள், மற்ற இடத்தில் ஆன்மாவும் உடலும். இந்த எடுத்துக்காட்டை மாணவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

பலபொருள் சொல்லுக்காகச் சொன்ன இந்த மூன்றும் முற்றிலும் புதிய சொல்லுக்கும் உதவும். கரும்பலகையின் ஓரத்தில் நிரந்தரமாக எழுதிவையுங்கள்: அது என்ன செய்கிறது? எவற்றோடு நிற்கிறது? யார், எங்கே, எப்போது சொல்கிறார்? இவற்றோடு இணைப்புச் சொற்களையும் கண்ணில் படும்படி பழக்குங்கள். 'அதாவது', 'என்றால்', 'எனப்படும்' வந்தால் பொருள் பக்கத்திலேயே இருக்கிறது. 'ஆனால்', 'மாறாக' வந்தால் எதிர்ப்பொருள். 'அதனால்', 'ஆகவே' வந்தால் காரணமும் விளைவும். 'போன்ற', 'முதலிய' வந்தால் இனப்பட்டியல். இவற்றைவிடச் சின்னது 'உம்'. "அழைத்தும் வரவில்லை" என்பதில் அந்த ஓர் எழுத்துக்கூட்டம்தான் எதிர்பார்ப்பு பொய்த்ததைச் சொல்கிறது. பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறார்கள்.

ஒரு பயிற்சி: ஏறக்குறைய 120 சொல் உள்ள ஒரு பத்தியை எடுத்து, மாணவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆறு சொற்களைத் தாள் ஒட்டி மறையுங்கள். இரண்டு சொற்களுக்கிடையே 15 சொல்லாவது இடைவெளி வேண்டும். நெருங்கினால் ஒன்றின் துப்பை மற்றொன்று விழுங்கிவிடும். மாணவர்கள் தங்கள் விடையை எழுதி, துப்புக்கு அடிக்கோடு இடட்டும். ஆறில் ஒன்றிரண்டு எவராலும் கண்டுபிடிக்க முடியாததாக இருக்க வேண்டும். "இங்கே துப்பு இல்லை" என்று சொல்லத் தெரிவதும் திறமைதான், அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

மகன் தயங்காமல் ஊகிக்கிறான். ஆனால் தப்பாக ஊகிக்கிறான். "அசட்டையாகச் சிரித்தான்" என்பதற்கு "மகிழ்ச்சியாக" என்று பொருள் சொன்னான். எங்கே கோளாறு?

பாதிக் கோளாறு வாக்கியத்தில். எல்லாச் சூழலும் உதவும் சூழல் அல்ல. பெக், மெக்கோவன், மெக்காஸ்லின் ஆகியோர் 1983இல் இதை நான்கு வகையாகப் பிரித்தார்கள். உங்கள் மகனின் சொல்லையே வைத்துப் பார்ப்போம்.

"பலமுறை எச்சரித்தும் அசட்டையாக இருந்தான், கதவைப் பூட்டவும் இல்லை, விளக்கை அணைக்கவும் இல்லை." இங்கே பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: கவனமின்மை, பொருட்படுத்தாமை. "அவனுடைய அசட்டையைக் கண்டு அம்மாவுக்குக் கோபம் வந்தது" என்றால் ஏதோ நல்லதல்லாத குணம் என்ற அளவுக்குத்தான் தெரியும். "அவன் அசட்டையாக நடந்துகொண்டான்" என்பது ஒன்றுமே சொல்லவில்லை. "எல்லாரும் பதறி ஓடினார்கள், அவன் மட்டும் அசட்டையாகச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தான்" என்பதோ திசைதிருப்புகிறது. சிரிப்பு பிள்ளையை மகிழ்ச்சியின் பக்கம் இழுத்துவிடுகிறது. உண்மையான துப்பு 'பதறி' என்பதிலும் 'மட்டும்' என்பதிலும் இருந்தது.

மகன் படித்தது இந்த நான்காம் வகை என்றே நினைக்கிறேன். அவனைத் திருத்தும்போது "தப்பு" என்று நிறுத்தாமல், "மட்டும் என்று ஏன் எழுதியிருக்கிறார்?" என்று கேளுங்கள்.

இன்னொரு கண்ணி, தெரிந்த சொல்லின் சாயல். "எதிரிகள் கோட்டையைச் சூழ்ந்தபோதும் அரசன் வாளாவிருந்தான்." போர்க்கதை, அரசன், எதிரி, எல்லாம் சேர்ந்து பிள்ளையை 'வாளோடு இருந்தான்' என்று சொல்லவைக்கும். வாளா என்றால் சும்மா, செயலற்று. இங்கேயும் சாட்சி 'சூழ்ந்தபோதும்' என்பதில் உள்ள 'உம்'தான். எதிரி வந்தபோது வாளெடுத்தால் அது இயல்பு, அதற்கு 'உம்' எதற்கு? இறும்பூது (வியப்பு) என்பதில் இரும்பைப் பார்ப்பதும், எள்ளல் (ஏளனம்) என்பதில் எள்ளைப் பார்ப்பதும் இதே கதை. சாயல் தோன்றினால் அதை ஊகமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வாக்கியத்தில் வேறொரு சாட்சியாவது வேண்டும் என்று ஒரு விதி வைத்துவிடுங்கள்.

பழைய நூல்களில் இன்னும் எச்சரிக்கை தேவை. 'நாற்றம்' அங்கே நறுமணமாகவும் இருக்கும். இன்றைய பொருளை நம்பிப் போனால் கவிதையே தலைகீழாகிவிடும்.

ஏழாம் வகுப்பு படிக்கிறேன். "கடன்காரர் வருவதைப் பார்த்ததும் கம்பி நீட்டிவிட்டான்" என்று ஒரு கதையில் வந்தது. அவனிடம் கம்பி எப்படி வந்தது? மரபுத்தொடர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"அவனிடம் கம்பி எப்படி வந்தது?" என்று கேட்டாயே, அந்த இடறல்தான் மரபுத்தொடரின் முதல் அடையாளம். முந்தைய பத்தியில் கம்பி இருக்கிறதா என்று பார். இல்லை. அடுத்த பத்தியில்? அங்கேயும் இல்லை. திடீரென்று ஒரு பொருள் வந்து, உடனே காணாமல் போனால் அது நிசப் பொருள் அல்ல என்று சந்தேகப்படு.

அடுத்து, அதற்குப் பின் என்ன நடந்தது என்று பார். அவனைக் காணோம், கடன்காரர் தேடுகிறார். அப்படியானால் 'நழுவி ஓடிவிட்டான்'. அந்த இடத்தில் வைத்துப் படி, பொருந்துகிறது.

மூன்றாவது அடையாளம் இலக்கணத்தில் ஒளிந்திருக்கிறது. "அந்தத் திட்டத்தைக் கைகழுவிவிட்டார்கள்." கழுவு என்ற வினைக்கு ஏற்கெனவே 'கை' இருக்கிறது. பிறகு 'திட்டத்தை' என்று இன்னொரு செயப்படுபொருள் ஏன் வந்தது? கை, கழுவு இரண்டும் ஒன்றாக இறுகி, 'விட்டுவிடு' என்ற ஒரே வினையாகிவிட்டதால்தான். "பாடத்தைக் கரைத்துக் குடித்தாள்", "பிரச்சினையை ஆறப்போட்டார்கள்" என்பவற்றில் வினைக்குக் கொஞ்சமும் ஒட்டாத பொருள் 'ஐ' உருபோடு நிற்கிறது. அதுவும் இதே அடையாளம்தான்.

நான்காவது, தொடருக்குள் ஓர் அடைமொழியைச் சொருகிப் பார். "நீளமான கம்பி நீட்டினான்" என்றால் நிசக் கம்பி வந்துவிடும். "போட்டியில் மண்ணைக் கவ்வினார்கள்" என்றால் தோற்றார்கள். "ஈர மண்ணைக் கவ்வினார்கள்" என்றால் வாயெல்லாம் சேறு! மரபுத்தொடர் தன் சொற்களுக்கிடையே வேறு ஆளை எளிதில் விடாது.

ஆனால் ஒரே தொடர் நேர்ப்பொருளிலும் வரும், மரபுப் பொருளிலும் வரும். 'கை நீட்டு' என்பதை எடுத்துக்கொள். "பேருந்தை நிறுத்தக் கை நீட்டினான்" என்றால் கையைத்தான் நீட்டினான். "சின்னப் பிள்ளைமேல் கை நீட்டலாமா?" என்றால் அடிக்கலாமா. "யாரிடமும் கை நீட்டியதில்லை" என்றால் உதவி கேட்டதில்லை. முன்னால் இருக்கும் 'மேல்', 'இடம்' இரண்டையும் கவனித்தாயா? பொருளை முடிவு செய்வது அவைதான். ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஓர் உறுப்பு என்று ஒதுக்கி, படிக்கும்போது கிடைப்பவற்றை வாக்கியத்தோடு எழுதிவா. கைக்கு மட்டும் கை கொடு, கைவிடு, கையைக் கடி, கையும் களவுமாக என்று பக்கம் நிரம்பிவிடும். வயிற்றுப் பக்கத்தில் ஒரு வேடிக்கை பார்ப்பாய்: வயிற்றில் புளியைக் கரைத்தால் அச்சம், பால் வார்த்தால் ஆறுதல்.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மரபுத்தொடருக்குப் பொருள் மட்டும் போதாது, அதன் தொனியும் தெரிய வேண்டும். இயற்கை எய்தினார், மண்டையைப் போட்டான், இரண்டும் இறப்பைத்தான் சொல்கின்றன. முதலாவதில் மரியாதை, இரண்டாவதில் ஏளனம். கம்பி நீட்டுவதிலும் கேலி இருக்கிறது. மதிப்புக்குரிய ஒருவர் கூட்டத்திலிருந்து முன்னதாகக் கிளம்பினார் என்பதற்கு அதை எழுதாதே. நோட்டில் ஒவ்வொரு தொடருக்கும் பக்கத்தில் மதிப்பு, கேலி, கோபம், இயல்பு என்று ஒரு சொல் குறித்துவை.

ஊகித்த பொருள் சரியா என்று பார்க்க அகராதியைத் திறந்தால் 'மீண்டான்', 'நொந்து' போன்ற சொற்களே அதில் இல்லை. எப்படித் தேடுவது?

அகராதியில் வினையின் அடிச்சொல்தான் தலைச்சொல்லாக இருக்கும். வாக்கியத்தில் வருவதோ உடை மாற்றிய உருவம். கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். 'வழிப்போக்கர்களிடமிருந்தும்' என்பதில் உம், இருந்து, இடம், கள் என்று பின்னாலிருந்து உரித்தால் 'வழிப்போக்கர்' மிஞ்சும். அதிலும் பலர்பால் விகுதியை மாற்றி 'வழிப்போக்கன்' என்று தேட வேண்டும்.

வினைகள்தான் உண்மையில் படுத்தும். இறந்தகாலத்தில் உருமாறும் வினைகளுக்குச் சில தடங்கள் இருக்கின்றன. 'ற்ற்' வந்தால் அடிச்சொல் ல் அல்லது று என்று முடியலாம்: கற்றான் – கல், பெற்றான் – பெறு. 'ட்ட்' வந்தால் ள் அல்லது டு: கேட்டான் – கேள், நட்டான் – நடு. 'ண்ட்' வந்தால் ள் அல்லது ண்: மீண்டான் – மீள், உண்டான் – உண். 'ன்ற்' வந்தால் ல் அல்லது ன்: சென்றான் – செல், தின்றான் – தின். ஓரெழுத்து வினைகள் 'ந்த்' பெற்று அடையாளமே தெரியாமல் மாறும்: நொந்தான் – நோ, வெந்தது – வே, தந்தான் – தா. இந்த ஐந்தையும் ஓர் அட்டையில் எழுதி அகராதிக்குள் செருகிவையுங்கள். இரண்டு வாய்ப்பு வரும் இடத்தில் இரண்டையும் தேடிப் பார்த்து, வாக்கியத்துக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளட்டும்.

இக்கால எழுத்துக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பொருத்தம். 1992இல் முதலில் வந்தது, 2008இலும் 2020இலும் விரிந்த பதிப்புகள் வந்தன. பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் தருவதால், பிள்ளை தன் வாக்கியத்தை அதனோடு ஒப்பிடலாம். பழஞ்சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. எதைத் திறந்தாலும் எண் 1 இட்ட பொருளை அப்படியே எடுத்துக்கொள்ளும் பழக்கம் கூடாது. எல்லாப் பொருளையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். ஊகம் முதலில், அகராதி பிறகு என்ற வரிசையும் மாறக்கூடாது. ஊகம் கையில் இருந்தால்தான் ஏழெட்டுப் பொருளில் எது நம்முடையது என்று பொறுக்க முடியும்.

கண்டுபிடித்த சொல்லையே மறுவாரம் மறந்துவிடுகிறான். இதில் பயன் உண்டா?

மறப்பது இயல்பு. ஸ்வான்போர்ன், டி க்ளோப்பர் ஆகிய இருவர் பல ஆய்வுகளைத் தொகுத்து 1999இல் பார்த்தபோது, சாதாரணமாகப் படித்துச் செல்கையில் எதிர்ப்படும் புதுச்சொற்களில் ஏறத்தாழ 15 விழுக்காடுதான் மனத்தில் தங்குகிறது என்று கண்டார்கள். ஒருமுறை பார்த்ததில் சொல்லின் ஒரு முகம்தான் தெரியும். வெவ்வேறு வாக்கியங்களில் பலமுறை எதிர்ப்பட்டால்தான் முழு ஆளும் தெரியும். ஆகவே அதிகம் படிப்பதற்கு மாற்று இல்லை. ஒரே எழுத்தாளரின் புத்தகங்களையோ ஒரே பொருள் பற்றிய புத்தகங்களையோ தொடர்ந்து மூன்று நான்கு கொடுத்தால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும்.

நோட்டு வைப்பதாக இருந்தால், சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதும் பட்டியல் வேண்டாம். படித்த வாக்கியத்தை அப்படியே எழுதட்டும். அதன் கீழே பென்சிலில் ஊகம், பேனாவில் சரிபார்த்த பொருள். மூன்று வரி காலியாக விடட்டும். வேறு புத்தகத்தில் அதே சொல் எதிர்ப்பட்டால் அந்த வாக்கியத்தை அங்கே சேர்க்க வேண்டும். ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம் கழித்துப் பொருளைக் கையால் மூடிக்கொண்டு வாக்கியத்தை மட்டும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு எட்டு முதல் பத்துச் சொல் போதும்.

கதை, அறிவியல் கட்டுரை, செய்தி: எதில் தொடங்கலாம்?

ஊகிக்கப் பழகக் கதை. அடுத்து என்ன நடந்தது என்பதே துப்பாக அமையும். அறிவியல் கட்டுரையில் கலைச்சொல்லுக்கு 'எனப்படும்', 'என்பர்' என்று வரையறையே வந்துவிடுவதால் அதைத் தேடி எடுக்கப் பழக்கினால் போதும். செய்தியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வாக்கியங்கள் நீளம், முன்கதை தெரியாமல் பாதி புரியாது. தலைப்புகளில் மரபுத்தொடர்கள் மட்டும் ஏராளமாகக் கிடைக்கும், அவற்றை வெட்டி எடுத்து அந்த உறுப்பு நோட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.